உயிரில்லாப் புவனம் யார்பொருட்டு?

தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கையும் இறைவன் மாயையிலிருந்து தோற்றுவித்து உயிர்களுக்குக் கூட்டுவிக்கின்றான் என்பதும், அவ்வாறு கூட்டுவிப்பது தன்பொருட்டன்று, அநாதியே ஆணவ இருளில் அழுந்திக் கிடக்கும் உயிர்கள் தத்தம் வினைப்பயனை நுகர்ந்து மலபரிபாகம் எய்துதற்பொருட்டே என்பதும் சைவ சித்தாந்தத்தின் உயிர்நிலையான கொள்கைகள். யாழ்ப்பாணத்திலே சைவசமய பாடம் படித்த பிள்ளைகளுக்கு இந்த நான்கு சொற்களும் மனப்பாடம். உடம்பு உயிருக்காக, மனம் முதலிய கருவிகள் உயிருக்காக, நுகரப்படும் பொருள்கள் உயிருக்காக, நுகர்தற்கு இடமாகிய உலகமும் உயிருக்காக. இவற்றுள் உடம்பையும் கருவிகளையும் பற்றி ஐயுறுவார் இலர். நுகர்பொருளைப் பற்றியும் பெரிய வழக்கு இல்லை. புவனத்தைப் பற்றி மட்டும், நம் காலத்து வானியல் தான் எழுப்புவதை அறியாமலே ஒரு வினாவை எழுப்பியிருக்கின்றது: ஓர் உயிரும் பிறவாத, ஓர் உயிரும் நுகராத புவனம் ஒன்று உண்டாயின், அது யார்பொருட்டுப் படைக்கப்பட்டது?

இது வாதத்துக்காகப் புனைந்த வினா அன்று. அத்தகைய புவனம் ஒன்றின் மலைகளையும் சமவெளிகளையும் பள்ளங்களையும் நாம் ஒளிப்படமாகக் கண்டிருக்கின்றோம். 1930ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 18ஆந் திகதி, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள லோவெல் வானாய்வகத்தில், கிளைட் டொம்போ என்னும் இளைஞர், வெவ்வேறு இரவுகளில் எடுத்த தகடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, நட்சத்திரங்களிடையே இடம்பெயர்ந்த சிறு புள்ளியாகக் கண்டுபிடித்த புளூட்டோவே அது. பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி சொல்லிய அந்தப் பெயர், உரோமர் பாதாளத்துக்கு அதிபதியாகக் கொண்ட தெய்வத்தின் பெயர். கோள்களுள் ஒன்பதாவதாக எண்ணப்பட்ட அதனை 2006ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் பிராகா நகரிலே கூடிய சர்வதேச வானியல் ஒன்றியம் குறுங்கோள் என வகைப்படுத்தியதும், அதன்மேல் எழுந்த ஆரவாரமும் பலர் நினைவில் இருக்கும். அந்த ஆரவாரத்திலே சாரமான விஷயம் அதிகம் இல்லை. எந்த வரிசையில் வைத்து எண்ணினாலும் பொருள் பொருளே. சாரமான செய்தி ஒன்பது ஆண்டுகள் கழித்து வந்தது. 2006 ஜனவரியில் ஏவப்பட்ட நியூ ஹொரைசன்ஸ் என்னும் விண்கலம், 2015ஆம் ஆண்டு ஜூலை 14ஆந் திகதி அதன் நிலப்பரப்புக்கு ஏறத்தாழ 12,500 கிலோமீற்றர் தொலைவாகக் கடந்து சென்றது. அன்று அது கண்டவை எல்லாம் வானொலி அலைகளாய், ஒவ்வோர் அலையும் நாலரை மணி நேரம் பிரயாணஞ்செய்து, சிறிது சிறிதாகப் பூமிக்கு வந்து முடிய 2016ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் ஆயிற்று.

அதுவரை அறிஞர் பலர் எதிர்பார்த்தது யாது? சூரியனை ஒருமுறை சுற்ற 248 ஆண்டுகள் செல்லும் அத்துணைத் தூரத்திலே, நமக்குக் கிடைக்கும் ஒளியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே பெற்று, வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 230 பாகை செல்சியசு அளவில் உறைந்து கிடக்கும், 2,377 கிலோமீற்றரே விட்டமுள்ள ஒரு சிற்றுலகம், விண்கற்கள் விழுந்த வடுக்களைச் சுமந்துகொண்டு நெடுங்காலமாக அசைவற்றுக் கிடக்கும் என்பதே. கண்டதோ முற்றிலும் வேறு.

அந்தக் குளிரிலே, நாம் சுவாசிக்கும் வாயுவில் ஐந்தில் நாலு பங்காகிய நைதரசன் உறைந்து மென்மையான பனியாகக் கிடக்கின்றது. நீரோ இறுகிப் பாறையாகிவிடுகின்றது. ஆகவே அங்கே மலை என்பது நீரால் ஆனது. சமவெளி என்பது வாயுவால் ஆனது. ஸ்புட்னிக் சமவெளி என்று பெயரிடப்பட்ட ஒரு வெண்ணிறப் பரப்பு, ஏறக்குறைய ஆயிரம் கிலோமீற்றர் அகலம், அதாவது நம் இலங்கைத் தீவின் நெடுக்கத்துக்கு இரு மடங்கிலும் மிகுதியாக, சுற்றுப்புறத்தினும் சில கிலோமீற்றர் தாழ்ந்து பரந்து கிடக்கின்றது. அதன் முகம் முழுவதும் பத்து முதல் நாற்பது கிலோமீற்றர் வரை அகலமுள்ள பலகோணக் கட்டங்களாகப் பிரிந்திருக்கின்றது. கோளத்தின் உள்ளே பாறையிலுள்ள கதிரியக்கப் பொருள்கள் சிதைவதால் எழும் சொற்ப வெப்பம் கீழேயுள்ள நைதரசன் பனியைச் சற்றே இளக்க, அது கட்டத்தின் நடுவே மேலெழுந்து, பரந்து, ஓரங்களிலே குளிர்ந்து மீண்டும் அமிழ்கின்றது. இந்தச் சுழற்சியின் வேகம் ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர்தான் என்றும், ஏறத்தாழ ஐந்து இலட்சம் ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்தப் பரப்பு முழுவதும் புதிதாகிவிடுகின்றது என்றும் கணித்திருக்கின்றனர். அச்சமவெளியிலே விண்கல் விழுந்த வடு ஒன்றேனும் காணப்படாமைக்குக் காரணம் இதுவே. வடு உண்டாகும், ஆனால் நிலம் அதனை விழுங்கிவிடும்.

அச்சமவெளியின் மேற்கு ஓரத்தில் நீர்ப்பனியாலான மலைகள் நிற்கின்றன. எவரெஸ்ட் சிகரத்தை முதலில் அடைந்த இருவரின் பெயரால் டென்சிங் மலைகள், ஹிலாரி மலைகள் என்று அவற்றுட் சிலவற்றை வழங்குகின்றனர். டென்சிங் மலைகள் சில இடங்களிலே ஆறு கிலோமீற்றர் உயரம்வரை எழுகின்றன, நம் பீதுருதாலகால மலையிலும் இரண்டு மடங்குக்கு மேலாக. நீர்ப்பனி நைதரசன் பனியிலும் இலேசானதாதலால், உடைந்த சிறு குன்றுகள் அந்தச் சமவெளியிலே மிதந்து, ஓட்டத்தோடு அடியுண்டு சென்று கட்டங்களின் ஓரங்களிலே குவிந்து நிற்பதையும் கண்டனர். கிழக்கே மெதேன் பனி பல நூறு மீற்றர் உயரமுள்ள கத்தி அலகுகள் போன்ற முகடுகளாய் நிரைநிரையாக எழுந்திருக்கின்றது. தெற்கே நாலு கிலோமீற்றர் உயரமும் நூற்றைம்பது கிலோமீற்றர் அகலமும் உள்ள ரைட் மலை, நெருப்புக்குப் பதிலாகப் பனிக்குழம்பைக் கக்கிய எரிமலையாயிருக்கலாம் எனக் கருதப்படுகின்றது. பூமத்திய ரேகையை அடுத்து, சூரிய ஒளி மெதேனைத் தாக்கியதால் விளைந்த செங்கபில நிறப் பொருள் படிந்து இருண்ட பிரதேசங்கள் கிடக்கின்றன. வடமராட்சி கிழக்கிலே மணற்காட்டில் காற்று வாரியிறைத்த மணல், காற்றின் போக்குக்குக் குறுக்கே அணியணியாக மேடிட்டிருப்பதை அறிந்தவர்களுக்கு ஒரு செய்தி: நமது வாயுமண்டலத்தின் அமுக்கத்தில் இலட்சத்தில் ஒரு பங்கே அமுக்கமுள்ள புளூட்டோவின் காற்றும், மெதேன் பனித் துகள்களை வாரி, அச்சமவெளியின் ஓரத்திலே அவ்வாறே அணியணியாக மேடிட்டு வைத்திருக்கின்றது என 2018ஆம் ஆண்டு அறிவித்தனர்.

இத்தனை வேலைப்பாடும் யார்பொருட்டு? ஒரு பாழ்ங்கல்லைக் காட்டி இவ்வினாவை எழுப்பினால், அது மாயையின் எச்சம் என்று சொல்லிக் கடந்துவிடலாம். இதுவோ ஓயாது தொழிற்படும் உலகம். தோற்றமும் நிலையும் ஒடுக்கமும் தன் முகத்திலேயே காட்டும் உலகம். அத்தொழிலை இருந்து காண்பார் அங்கே இல்லை. நம்மவர் கண்டுபிடித்த நாள் தொட்டுக் கணக்கிட்டால் அதற்கு ஓர் ஆண்டுகூட இன்னும் முடியவில்லை, 2178இலேதான் முடியும். மனிதர் பார்த்திருக்கும் காலம் அதன் ஆயுளிலே ஒரு கணத்துக்கும் போதாது.

இவ்விடத்தில் எளிதாகச் சொல்லப்படும் சமாதானங்கள் இரண்டு உண்டு. இரண்டும் எமக்கு உடன்பாடல்ல.

ஆகமங்கள் இருநூற்றிருபத்து நான்கு புவனங்களைக் கூறுகின்றன, அவற்றிலே நம் கண்ணுக்குப் புலனாகாத சூக்கும தேகிகள் வாழ்கின்றனர், புளூட்டோவிலும் அவ்வாறே வாழ்வார்கள் என்பது ஒன்று. ஆறு அத்துவாக்களுள் ஒன்றாகிய புவனாத்துவாவில் வைத்து எண்ணப்படும் அப்புவனங்கள், நிலம் முதலிய தத்துவங்களிலே அடங்கி, தீக்கையிலே சோதித்துக் கழிக்கப்படுபவை. தொலைநோக்கியைத் திருப்பித் தேடுதற்குரிய இடங்கள் அல்ல. ஒரு நூலின் பொருளை அந்நூல் பேசாத இடத்துக்கு இழுத்துச் சென்று காவல் வைப்பது அந்நூலுக்குச் செய்யும் உபகாரம் அன்று. யாழ்ப்பாணத்துக்கு இதிலே பழைய அநுபவம் உண்டு. 1823ஆம் ஆண்டு வட்டுக்கோட்டையிலே அமெரிக்க மிஷனரிமார் செமினரியை நிறுவி, வானசாஸ்திரத்தைக் கற்பித்தபோது, மேருவையும் ஏழு கடல்களையும் சொல்லும் புராண பூகோளத்தைத் தகர்த்துவிட்டால் சைவமும் தகர்ந்துவிடும் என்று எண்ணினர். அங்கு ஆசிரியராயிருந்த ஹொய்சிங்டன், உள்ளமுடையான் என்னும் தமிழ்ச் சோதிட நூலை ஆங்கிலத்திலே பெயர்த்து விரிவான குறிப்புகளுடன் 1848இல் யாழ்ப்பாணத்திலேயே அச்சிட்டார். கிரகண நேரத்தைக் கணிப்பதிலே அவர்களுக்கும் நம் பஞ்சாங்கக் கணிதர்க்கும் வாதங்கள் நடந்தன. இருபக்கத்தாரும் பெருமுயற்சி செய்தார்கள். ஆயினும் அவ்வாதம் முழுவதும் படம் நிலத்தோடு ஒக்கின்றதா என்பதைப் பற்றியே நடந்தது, நிலம் யாருக்கு என்பதைப் பற்றி நடக்கவில்லை. சைவம் பின்னும் தகரவில்லை. வானியலும் யாழ்ப்பாணத்தாருக்கு அந்நியமாகிவிடவில்லை. யாழ்ப்பாணக் கல்லூரியிலே கற்பித்த ஆலன் ஆபிரகாம், 1910ஆம் ஆண்டின் ஹேலி வால்வெள்ளியைக் கணித்தாராய்ந்து, இலண்டன் அரச வானியற் சங்கத்தின் உறுப்பினராகும் பெருமையைப் பெற்றார்.

மற்றைச் சமாதானம் நவீனர் சொல்வது: நாம் கண்டு வியத்தற்காகவே அது படைக்கப்பட்டது, 2015ஆம் ஆண்டிலே அது நம் போகத்துள் வந்துவிட்டது, ஆகவே கொள்கைக்குப் பழுதில்லை என்பது. கேட்பதற்கு இனிமையாயிருப்பினும் இது முன்னையதிலும் பெரும் பிழை. ஐந்து இலட்சம் ஆண்டுகளுக்கு ஒருமுறை முகம் மாறும் அந்தச் சமவெளி, மனித இனம் தோன்றுமுன்னரே எத்தனையோ முறை மாறிவிட்டது. ஒரு விண்கலம் சில மணி நேரம் எடுத்த படங்களுக்காக அத்தனை காலமும் அது காத்திருந்தது என்பது அறிவுக்கும் ஒவ்வாது, பக்திக்கும் ஒவ்வாது.

ஆனால் அந்த விண்கலத்தின் செய்தியிலே சித்தாந்திக்கு ஒரு பெருஞ்சாட்சி இருக்கின்றது. உலகம் காண்பானுடைய காட்சியினால் உண்டாவது, காணப்படாத பொருளுக்கு இருப்பில்லை என்று வாதிப்பவர் உளர். வேதாந்திகளுள்ளும் திருட்டி சிருட்டி வாதம் என்று ஒரு பிரிவு அவ்வாறு கூறும். வேதாந்தியர் அனைவர்மீதும் அதனை ஏற்றுவது நீதியன்று. சித்தாந்தமோ, மாயை நித்தியமான உள்பொருள், அதன் காரியமாகிய உலகமும் உள்பொருளே, அது சடமாதலால் தன்னையும் அறியாது பிறவற்றையும் அறியாது, ஆயினும் அறிவார் இன்மையால் இல்லாமற் போகாது என்று நிறுவுகின்றது. புளூட்டோவை ஆராய்ந்தவர் பலரின் எதிர்பார்ப்பு ஒன்று. வந்து சேர்ந்த படம் மற்றொன்று. அறிவுகள் பலவும் ஒருவாறு கருதியிருக்க, அக்கருத்தை மறுத்துத் தன் இயல்பைத் தானே காட்டும் பொருள், அறிவினால் உண்டாக்கப்பட்டதாதல் எங்ஙனம்? மெய்கண்டார் பதின்மூன்றாம் நூற்றாண்டிலே வகுத்த நெறிக்கு, நைதரசன் பனி இவ்வகையிலே சாட்சி சொல்லுகின்றது.

அங்ஙனமாயின் உள்பொருளாகிய அப்புவனத்தின் பயன் யாது என்னும் வினா இன்னும் வன்மை பெறுகின்றது. இதற்கு விடை தேட நாம் ஐந்நூறு கோடி கிலோமீற்றர் செல்ல வேண்டியதில்லை. நம் காலடியிலேயே தேடலாம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மலையும் இல்லை. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறும் இல்லை. மாரிகாலத்தில் ஓடும் வழுக்கையாறு ஒன்றே ஆறென்னும் பெயருக்கு உரியது. செம்மண்ணை ஓரிரு முழம் அகழ்ந்தால் பல இடங்களிலே சுண்ணாம்புக்கல் எதிர்ப்படும். அது மயோசீன் காலத்திலே, மிகக் குறைத்துச் சொன்னாலும் ஐம்பது இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னே, இவ்விடம் ஆழமில்லாத கடலாயிருந்தபோது, முருகைகளும் சிப்பிகளும் கண்ணுக்குப் புலனாகாச் சிறு கடல்வாழ் பிராணிகளும் விட்டுச்சென்ற ஓடுகள் படிந்து இறுகிய கல். மழைநீர் அதன் வெடிப்புகளிலே இறங்கி, கல்லைக் கரைத்து, உள்ளே குகைகளும் கால்வாய்களுமாக்கி, கடலுப்பு நீரின்மேல் நன்னீர்ப் படலமாய் மிதந்து நிற்கின்றது. நம் கிணறுகளெல்லாம் அந்தப் படலத்தையே உண்டு வாழ்கின்றன. நிலத்தடிக் குகையின் கூரை இடிந்ததனால் நவக்கிரியிலே நிலாவரைக் கிணறு உண்டாயிற்று. மேலே நன்னீரும் ஆழத்திலே உவர்நீருமாக அது நிற்பதற்கும் காரணம் இதுவே. கல்லின் வெடிப்பு வழியே வந்து கடற்கரை ஓரத்திலேயே நன்னீர் சுரப்பதனால் கீரிமலை தீர்த்தமாயிற்று. இராமபிரானின் அம்பையும், நகுல முனிவரையும், மாருதப்புரவீகவல்லியையும் இத்தலங்களோடு இணைத்துச் சொல்லும் ஐதிகங்களுக்கு இந்தக் கல்லியல் பகையன்று. அருள் மாயையைக் கருவியாகக் கொண்டே தொழிற்படும் என்பவர்களுக்கு, அக்கருவியின் அமைப்பைத் தெரிந்துகொள்வதனால் நட்டம் வருமா?

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. எண்பத்துநான்கு நூறாயிரம் யோனிபேதங்களிலும் பிறந்துழல்வது உயிரே என்று கொள்ளும் நமக்கு, அந்த முருகைகளும் சிப்பிகளும் உயிர்களே. அவற்றின் ஓடு அவற்றுக்குத் தனு. அத்தனுவே இன்று நமக்குப் புவனம். ஒரு காலத்தில் ஓருயிர் வினைநுகரும் உடம்பாயிருந்தது, அவ்வுயிர் நீங்கி எண்ணிறந்த காலம் கழிந்தபின், மற்றோருயிர் நின்று வழிபடும் நிலமாகின்றது. அம்முருகை வாழ்ந்த காலத்திலே அதன் ஓட்டைப் பார்த்து, இது கீரிமலைத் தீர்த்தத்துக்கென அமைந்தது என்று யார் சொல்லியிருக்கக்கூடும்? ஆடி அமாவாசையில் பிதிர்க்கடன் கழிப்பவனுக்காகவே அது பிறந்தது என்று இன்று சொல்வதும் முருகைக்குச் செய்யும் அநீதியாகும். அதற்கு அதன் வினை, அதன் போகம். ஆகவே, புவனம் உயிர்களுக்காக என்னும் கொள்கை மாயையின் விரிவு முழுவதையும் நோக்கிச் சொல்லப்பட்டது. அவ்விரிவிலே ஒரு கூற்றைப் பிடுங்கியெடுத்து, இது இன்ன உயிருக்கு, இன்ன காலத்திலே, இன்ன பயனுக்கு என்று விலைச்சீட்டு ஒட்டுவதற்காகச் சொல்லப்பட்டதன்று.

புளூட்டோவிலே உயிர் இருந்தது என்றோ, இனி உண்டாகும் என்றோ சொல்வதற்கு ஆதாரம் இல்லை. அதன் பனியோட்டின் கீழே திரவக் கடல் ஒன்று இருக்கலாம் என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். கடல் இருப்பதனால் உயிர் உண்டென்று துணிவது அவசர புத்தி. சித்தாந்தி இவ்விடத்திலே மௌனம் சாதிப்பதே முறை. அது தோல்வியின் மௌனம் அன்று. முழுமைக்குச் சொன்ன பயனைக் கூற்றுக்குச் சொல்லாமை, நூலாசிரியர் வகுத்த எல்லையை மதிப்பதாகும்.

அவ்வெல்லையை மீறி, உயிர்களுக்காக என்றதை மனிதருக்காக என்றும், மனிதருக்காக என்றதை எனக்காக என்றும் சுருக்கிக்கொள்வது எது? அதற்குச் சித்தாந்தம் இட்ட பெயர் ஆணவம். யாழ்ப்பாணத்தார் இதனைக் காஞ்சிபுரத்துக் கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்திலே தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்திருக்கின்றனர். நம் கோயில்களிலே புராணபடனஞ் செய்யும் பெரியோர், தாரகன் மாயை, சிங்கமுகன் கன்மம், சூரபன்மன் ஆணவம் என்று தத்துவார்த்தம் விரிப்பர். அச்சூரன் செய்த தவறு அண்டங்களைப் பெற்றதன்று. தவஞ்செய்து இறைவனிடம் வரமாகவே ஆயிரத்தெட்டு அண்டங்களை நூற்றெட்டு யுகம் ஆளப் பெற்றான். அவை தனக்கென்றே உள்ளன என்று கொண்டதே தவறு. போர்க்களத்திலே முருகப்பெருமான் தம் பேருருவத்தைக் காட்டியபோது, அகிலமனைத்தும் அதனுள் அடங்கக் கண்டு அவனும் ஒருகணம் மெய்யுணர்ந்து துதித்தான். உருவம் மறைந்ததும் பழைய செருக்கு மீண்டுவிட்டது. 2015ஆம் ஆண்டு ஜூலையிலே உலகமெங்கும் பத்திரிகைகள் அந்தப் பனிமலைகளின் படங்களை முகப்பிலே வெளியிட, கண்டவர்கள் வியந்தனர். வியப்பு அடங்கியதும், இருப்பதெல்லாம் நமக்கே என்னும் எண்ணத்துக்கு உலகம் திரும்பிவிட்டது. ஓர் உயிரும் காணாதபோதும் ஒழுங்கு குன்றாது நடக்கும் ஓர் உலகத்தைக் கண்டபின்னும் அந்த எண்ணம் அசையவில்லையென்றால், ஆணவத்தைச் சகசமலம் என்று முன்னோர் சொன்னது எத்துணைப் பொருத்தம்!

கந்தசட்டி நாட்களிலே நல்லூரிலும் மாவிட்டபுரத்திலும் சந்நிதியிலும், ஊர்தோறும் உள்ள முருகன் கோயில்களிலும் கூடியிருந்து கேட்கும் அடியார்களுக்குப் பயன்சொல்லும் பெரியோர்களையும், பாடசாலைகளிலே சைவசமயம் கற்பிக்கும் ஆசிரியர்களையும் நாம் வேண்டிக்கொள்வது ஒன்று உண்டு. சூரனின் ஆயிரத்தெட்டு அண்டங்களைச் சொல்லும் இடத்திலே, எண்ணைச் சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடாதீர்கள். அங்கே நின்று, நைதரசன் சமவெளியையும் நீர்ப்பனி மலைகளையும், நம் காலடியிலுள்ள முருகைக்கல்லையும் சேர்த்து எடுத்துச் சொல்லுங்கள். புவனம் யாருக்கு என்று பிள்ளைகளைக் கேளுங்கள். நமக்கு என்று அவர்கள் விடைசொன்னால், அங்கிருந்து பாடத்தைத் தொடங்குங்கள்.